உட்கார மாட்டான்

நூற்றறுபத்து மூன்று துண்டுகள் என்கிறது பெட்டி.
எண்ணினேன், நூற்றறுபத்தைந்து.
கூடுதலாக வந்த இரண்டும்
மிளகளவு மூட்டுக் குண்டுகள்.
தொலைப்பீர்கள் என்று தெரிந்தே போட்டிருக்கிறார்கள்.
அதற்காகவே அரை நட்சத்திரம்.

"பையனுக்கு எத்தனை வயசு?"
தாதர் கடைக்காரர் கேட்டார்.
நாற்பத்து மூன்று என்றேன்.
சிரிக்கவில்லை மனிதர்.
மழைக்கு இன்னொரு பையைப் போட்டுத் தந்தார்.

எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டுங்கள்.
உருண்டோடாது.
செய்முறைப் புத்தகம் இதைச் சொல்லாது,
அதில் எழுத்தே கிடையாது, வெறும் அம்புகள்.
முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பிழை:
வலது காலை இடது பக்கம் மாட்டச் சொல்கிறது.
நான் மாட்டவில்லை.
சயன் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டுக்குப் பின்னறையில்
பத்தொன்பது வருடமாக
மடங்காத கால்களை மடக்குகிறவள் நான்.
கால் விஷயத்தில் படத்தை நம்புவதில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு
வஜ்ரன் எழுந்து நின்றான்.
ஒரு சாண் உயரம், நீலக் கவசம்,
மார்பில் ஒட்டிய மின்னல் கொஞ்சம் கோணல்
(என் கைதான், கம்பெனியைச் சொல்லக் கூடாது).
ஆன்டாப் ஹில் மூன்றாம் மாடியில்
மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.
வேலைப் பையிலிருந்து கோணமானியை எடுத்தேன்.

தோள், முழுச் சுற்று. ராட்டினம் மாதிரி.
என் வலது தோள் பொறாமைப்பட்டது.
முழங்கை, தொண்ணூறு பாகை.
வாள் பிடிக்கப் போதும்.
சோறு வாய்க்கு எட்டாது,
நாலு விரல் தூரத்தில் கை நின்றுவிடும்.
முழங்கால், ஏழு சொடுக்கில் மடங்குகிறது.
எட்டாவதை எதிர்பார்க்க வைக்கிறது.
கழுத்து வானத்தைப் பார்க்கும்,
தன் காலைப் பார்க்காது.
இடுப்பு
நாற்பது.
தொடைக் கவசம் வயிற்றில் இடிக்கிறது.
பறப்பான், உதைப்பான், ஒற்றைக் காலில் நிற்பான்.
உட்கார மாட்டான்.

நாற்பது என்று எழுதும்போதே
எங்கேயோ எழுதிய எண்ணாகப் பட்டது.
தத்தாராம் தாம்ப்ரே, லிஃப்ட் மெக்கானிக்,
பரேலில் இரண்டாம் மாடிக் குழியில் விழுந்தவர்.
ஒரு தகடு, ஒன்பது திருகாணி.
ஜூன் கடைசி வாரம், இடுப்பு: நாற்பது.

மறுநாள் வஜ்ரனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
தாம்ப்ரே அவனை வாங்கி
காதருகே வைத்து மூட்டை மடக்கினார்,
சத்தம் கேட்டார்.
பிறகு நான் தடுப்பதற்குள்
தொடையைக் கழற்றிவிட்டார்.
"இடிக்கிறது மேடம். இரண்டு மில்லி, அவ்வளவுதான்."
சட்டைப் பையில் எமரித் தாள்.
ஆஸ்பத்திரிக்கு யாராவது எமரித் தாள் கொண்டுவருவார்களா?
பயிற்சிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடி,
மராத்தியில் ஏதோ முனகிக்கொண்டு தேய்த்தார்.
விரிப்பில் நீலத் தூள்.
ஊதினார், மாட்டினார், மடக்கினார்.

எண்பத்தெட்டு.
மருந்து டிரேயின் விளிம்பில்
காலைத் தொங்கப் போட்டு
உட்கார்ந்தான் வஜ்ரன்.
பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார்.

"எனக்கும் இப்படித் தேய்த்துவிடலாமே" என்றார் தாம்ப்ரே.
நான் அவர் குதிகாலைப் பிடித்தேன்.
மூச்சை விடுங்கள் என்றேன்.
ஐம்பத்தாறு.
திட்டினார், யாரை என்று தெரியவில்லை.
ஐம்பத்தெட்டு.
அதற்கு மேல் இன்றைக்கு வேண்டாம்.

ஆக, சுருக்கமாக:
பிளாஸ்டிக் நல்ல கனம், நாற்றமில்லை.
சாயம், தேய்க்காதவரை உரியாது.
தேய்த்தால் உத்தரவாதம் செல்லாது
என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
ஆறு வயதுக்கு மேல் யாரும் செய்யலாம்.
மூன்றரை நட்சத்திரம்.
எமரித் தாள் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.